அமேசான் மண்ணு அவ்ளோ வளம் எல்லாம் இல்லீங்க

"அமேசான் காடு இவ்ளோ அடர்த்தியா இருக்கக் காரணம் உலகத்துலயே வளமான மண்ணு அங்க இருக்கறதுதான்"னு ஒரு ஃபார்வர்டு சுத்திட்டு இருக்கு. தப்பு. அந்தக் காட்ட வளக்கறது வருஷம் பூரா இருக்கற சூடும் பல இடத்துல 2000 மி.மீ.க்கு மேல கொட்டற மழையும்தான், மண்ணுல பெரும்பாலும் சத்து கம்மி, ஏன்னா அதே மழைதான் லட்சக்கணக்கான வருஷமா கால்சியம் பொட்டாசியம் எல்லாத்தையும் கரைச்சு அடிச்சுட்டுப் போயிடுச்சு. அப்போ மரம் எப்படி வாழுது? சத்துல பெரும்பகுதி மரத்துலயும் இலையிலயும்தான் இருக்கு, விழுந்த இலை அந்தச் சூட்டுலயும் ஈரத்துலயும் சீக்கிரமே மக்கிடும், வேரோட ஒட்டி வாழற பூஞ்சை அந்த சத்து அடியில இறங்கிப் போறதுக்கு முன்னாடியே உறிஞ்சி மரத்துக்கே திருப்பிக் குடுத்துடும். போதாததுக்கு சஹாரால இருந்து காத்துல வர்ற தூசு வருஷத்துக்கு சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் கொண்டு வந்து போடுதுன்னு நாசா சாட்டிலைட் டேட்டாவ வச்சு 2015ல கணக்கு போட்டாங்க (பாலைவனம் காட்டுக்கு உரம் போடுது, நம்பவே கஷ்டமா இருக்குல்ல). காட்ட எரிச்சு விவசாயம் பண்ணா சாம்பல் சத்து சில வருஷத்துலயே தீர்ந்துடறதும் மண்ணுல சத்து கம்மியா இருக்கறதாலதான். ஆண்டிஸ் மலைல இருந்து வர்ற ஆறுங்க வெள்ளத்துல வண்டல் போடற கரையோர நிலம் மாதிரி சில இடங்கதான் விதிவிலக்கு. நெஜமாவே வளமான மண்ணுன்னா உக்ரைன் புல்வெளியோட கருப்பு மண்ணச் சொல்லலாம், அங்க மழை கம்மி, குளிர் ஜாஸ்தி, மக்கறது மெதுவா நடக்கறதால சத்து மண்ணுலயே தங்கிடுது.