சூடானால் மிஸ்ஸிங்: கார்புரேட்டரை உடனே மாற்றாதீர்கள்

‘பழைய பிரீமியர் பத்மினி கார் சூடானதும் மிஸ்ஸிங் அடித்தால், அதாவது இன்ஜின் சீராக ஓடாமல் திக்கினால், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) போய்விட்டது, புதுசு போடுங்கள்’ என்று சிலர் சொல்வது சரியல்ல. இதை நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

காலையில் ஒழுங்காக ஓடி, மதியம் அண்ணா சாலை நெரிசலில் திக்கி நின்று, அரை மணி ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? முதலில் சந்தேகப்பட வேண்டியது இக்னிஷன் காயிலும் (பிளக்கில் பொறி வர உயர் வோல்டேஜ் தரும் பாகம்) கண்டென்சரும் (காயிலின் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பாயின்ட்டோடு சேர்ந்த சிறு பாகம்). சூட்டில் காயிலுக்குள் இன்சுலேஷன் பலவீனமாகிக் கரண்ட் கசியும், ஆறினால் சரியாகிவிடும். அதனால்தான் ஆறிய வண்டியை மெக்கானிக்கிடம் விட்டால் ஒன்றும் தெரிவதில்லை.

நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் சோதியுங்கள். ஒரு ஸ்பேர் ஸ்பார்க் பிளக்கைப் பிளக் ஒயரில் மாட்டி, அதன் உலோக உடம்பை இன்ஜினில் நன்றாகப் படும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது, ஒயரைக் கையில் பிடிக்கவும் வேண்டாம். பொறி மங்கலாகவோ விட்டுவிட்டோ வந்தால் காயில், கண்டென்சர், பாயின்ட் பக்கம் போங்கள். கண்டென்சர் விலை குறைவு, அதையே முதலில் மாற்றிப் பார்க்கலாம்.

பொறி பலமாக இருந்தால் பெட்ரோல் பக்கம். பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் வண்டி எடுத்தால் லைனில் பெட்ரோல் ஆவியாகிறது என்று அர்த்தம். டேங்க் மூடியையும் திறந்து பாருங்கள்; ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இத்தனையும் பார்த்த பிறகு கார்புரேட்டரைக் கழற்றுங்கள், அதுவும் சுத்தம் செய்ய.