சிரித்தால் சம்மதம் ஆகிவிடாது
அண்ணே, 'கூட வேலை பார்க்கிறவர்களுக்குள் சாதி, நிறம் சொல்லிக் கிண்டலடித்தால் சட்டத்தில் குற்றமே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, பிறர் பார்வையில் படும் இடத்தில், அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் சாதிப் பெயரால் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. கூட வேலை பார்க்கிறவர் என்பதற்காக விலக்கு கிடையாது.

நிறக் கிண்டலுக்கு இந்தச் சட்டம் வராது, சரி. அதனால் வலிக்காதா? தோள்சீலைக்காக, அதாவது பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடும் உரிமைக்காக, 1859 வரை போராடிய குமரி மண் இது. இழிசொல்லின் வலி நமக்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் எங்கள் பட்டறையில் அசாம் தம்பியின் கண்ணைச் சொல்லிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அப்புறம் சோற்றுப் பாத்திரத்தோடு ஜெனரேட்டர் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்தான். இன்றைக்கும் அங்கேதான் சாப்பிடுகிறான்.