சபதம் வேண்டாம், தெருவை மாற்று

யாங்கோனில் இருக்கிற நமக்கு வருஷப் பிறப்பு மூன்று. ஜனவரி ஒன்று, சித்திரை ஒன்று, திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் வரும் பர்மியப் புத்தாண்டு. மூன்றுக்கும் நம் ஆட்கள் சபதம் எடுக்கிறார்கள். கூன்யா (பர்மிய வெற்றிலை பாக்கு) போடமாட்டேன், ராத்திரி போனைத் தொடமாட்டேன், விடிகாலையில் நடப்பேன். சித்திரையில் எடுத்தது உடைந்தால் இரண்டு மூன்று நாளில் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவு வசதி. அப்படியும் படிக்கட்டுச் சுவரெல்லாம் சிவப்பாகத்தான் இருக்கிறது.

"மனசு வச்சா முடியும்" என்று கீழே வந்து எழுதுவீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. பழக்கம் பாதி நம்மிடம் இருக்கிறது, மீதிப் பாதி தெருவில் இருக்கிறது. தெருவை அப்படியே விட்டுவிட்டு மனசை மட்டும் அதட்டி என்ன பயன்?

என் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்த்தான். போகும்வரை வாயில் கூன்யா இல்லாமல் அவனைப் பார்த்ததில்லை. வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, காசுக்கட்டி, புகையிலை, எல்லாம் சேர்ந்தது. அங்கே மெல்லும் புகையிலைக்கு 2016 ஆகஸ்டிலேயே தடை வந்துவிட்டது. போன கொஞ்ச நாள் தலைவலி, எரிச்சல், அப்புறம் ஒன்றுமில்லை. "விட்டாச்சுக்கா" என்று போனில் ஒரே பெருமை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினான். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே டாக்ஸியை நிறுத்தி வாங்கிவிட்டான்.

"என்னடா, விட்டுட்டேன்னு பீத்திக்கிட்டே?"

"அங்க கடை இல்லக்கா. இங்க முக்குக்கு முக்கு இருக்கே."

அவனைத் திட்டினேன்தான், ஆனால் அவன் சொன்னது சரி. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே இருந்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமை. ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுதான். ஹெராயின்! விலை, சட்டம், குடும்பம் என்று பல காரணம் சொல்வார்கள். ஆனால் அந்த முகாம், அந்த வெயில், அந்தக் கூட்டாளி எதுவும் ஊரில் இல்லை என்பதும் ஒரு காரணம். என் தம்பி கதை அதற்கு நேர் தலைகீழ். பழக்கத்தை விட்ட இடத்திலிருந்து பழக்கம் பிடித்த இடத்துக்கே திரும்பி வந்தான்.

பெரிய பழக்கம் ஒரே நாளில் மாறியதை இந்த நாடே பார்த்திருக்கிறது. 1970இல் ஜெனரல் நெ வின்னின் ராணுவ அரசு, இடப்பக்கம் ஓடிய வண்டிகளை வலப்பக்கம் ஓடச் சொன்னது. சோசியர் சொன்னார் என்று ஒரு கதை, கனவில் வந்தது என்று ஒரு கதை, அதை விடுங்கள். ஸ்டியரிங் இருந்த இடத்திலேயே இருந்தது. பஸ் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறந்தது. அப்படியும் ஜனங்கள் மாறினார்கள். எதிரே வருகிறவனும் மாறிவிட்டான், பழையபடி ஓட்ட வழியே இல்லை. யாரும் சபதம் எடுக்கவில்லை.

இதே மாற்றத்தை ஸ்வீடன் 1967இல் செய்தது. மாறிய புதிதில் அங்கே விபத்து கூடவில்லை, குறைந்தது. எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டினார்கள். இரண்டு வருஷத்துக்குள் பழைய கணக்குக்கே வந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். வீடு மாறினாலும் வேலை மாறினாலும் கல்யாணமானாலும் ஓய்வு பெற்றாலும் அந்தக் கண் கொஞ்ச நாளைக்குத் திறந்திருக்கும். அப்போதுதான் எதையும் மாற்ற முடியும். நாமோ புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு "பக்கத்துல கூன்யா கடை எங்கே, டீக்கடை எங்கே" என்று விசாரித்து, பழைய தெருவை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிடுகிறோம்.

எல்லாப் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லவில்லை. 1964இல் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போய், கப்பலேறியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களோடு போன அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சென்னையில் பாரிமுனைப் பக்கம் இன்றும் விற்கிறது. எல்லாம் போன பிறகு பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டும். இங்கே தங்கியவர்கள் தீமிதியை விடாமல் வைத்திருப்பதும் அப்படித்தான். அதையும் பாக்கையும் ஒன்றாக வைக்காதீர்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது. "புகையிலை இல்லாமப் போடறேன்" என்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்கிற இந்தக் கணக்கு. யாரோ கிளப்பிவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் படிய நடுவாக 66 நாள் வந்தது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 வரை. நடுவில் ஒருநாள் தவறினால் கெட்டுப்போவதும் இல்லையாம். ஆகவே இருபத்திரண்டாம் நாள் மனம் ஒடிந்து போகாதீர்கள்.

(வீடு மாறினால் பழக்கம் மாறும் என்பதெல்லாம் ஆண்களுக்குத்தான் என்றும் தோன்றுகிறது. எந்தத் தெருவுக்குப் போனாலும் அடுப்படி கூடவே வருகிறது. அதைத் தனியாகவே எழுத வேண்டும்.)

தம்பிக்குப் போன மாதம் வேலை மாறியது. இந்தத் தடவை அறிவுரை சொல்லவில்லை. "பஸ்ஸை விட்டு ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி, கோயில் பக்கமா சுத்தி வா" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கமும் கடை உண்டு, ஆனால் அவனுக்குத் தெரிந்த கடை இல்லை, கடன் தரமாட்டார்கள். சனிக்கிழமை நண்பர்களோடு இன்னும் போடுகிறான், வாயைப் பார்த்தாலே தெரிகிறது. மற்ற நாளில் இல்லை. போன வாரம் எங்கள் முக்குக் கடைக்காரம்மா என்னை நிறுத்தி, "தம்பி திரும்பவும் சிங்கப்பூர் போயிட்டானா, ஆளையே காணோமே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.