பட்டியலின் கடைசிப் பெயர்

டேங்க் விழுந்த மறுநொடியே "ஹீலர்கள் தூங்கிவிட்டீர்களா?" என்று கத்தும் தலைவர்களின் கீழ் எத்தனை ஆண்டுகள் ஆடியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. ஆகவே இந்தப் பதிவில் கோபம் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடாதவர்கள் பொறுத்தருள்க. இந்த இணைய விளையாட்டில் டேங்க் எதிரியின் அடியை வாங்கித் தாங்குபவர்; ஹீலர் ஹீல் என்னும் மந்திரத்தால் மற்றவர் உயிரை ஏற்றுபவர்.

பலர் குழுவாகச் சேர்ந்து போகும் நாக்ஸ்ரமாஸ் ரெய்டின் பிளேக் பகுதியில் நோத், ஹைகன் என்னும் இரண்டு பாஸ்களை, அதாவது பெரிய எதிரிகளை, தாண்டிப் போனால் லோதெப் நிற்பான். உடம்பெல்லாம் காளான் முளைத்த பூதம். மற்ற பாஸ்கள் நம் உயிரைக் குறிவைப்பார்கள். இவன் ஹீலர்களின் கையைக் கட்டிப்போடுவான். 2008 நவம்பரில் ராத் ஆஃப் த லிச் கிங் என்ற விரிவாக்கத்துடன் வந்த வடிவத்தில், 20 நொடிக்கு ஒருமுறை ரெய்டுக் குழு முழுவதையும் ஒரு நச்சு மூடும். அடுத்த 17 நொடிகளுக்கு எவ்வளவு பெரிய ஹீல் போட்டாலும் ஒரு புள்ளிகூட ஏறாது. மிச்சம் இருப்பது மூன்றே நொடிகள்.

புதிதாக வருபவர்கள் அந்த மூன்று நொடி திறந்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார்கள். இரண்டரை நொடி பிடிக்கும் ஹீலை அப்போது தொடங்கினால் ஒன்றுதான் தேறும், அதுவும் தட்டுத்தடுமாறி. நச்சு விலக இரண்டு நொடி இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்; விலகியதும் அது போய்ச் சேரும், உடனடி ஹீல் ஒன்றிரண்டுக்கும் நேரம் இருக்கும். ட்ரூயிட் வகை ஹீலர் இன்னும் முன்பே கணக்குப் போட வேண்டும். அவருடைய லைஃப்புளூம் ஹீல் ஏழு நொடி ஓடி, முடியும்போதுதான் பூக்கும், அதாவது பெரிய ஹீலாக விழும். ஆறு நொடி முன்னால் போட்டால் பூ சரியாகத் திறந்த நேரத்தில் விழும். நேரம் தவறினால் மனா என்னும் மந்திர சக்தியும் வீண், பூவும் வீண்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பிரீஸ்ட் வகை ஹீலர் போடும் கவசம். கவசம் உயிரை ஏற்றுவதில்லை, விழும் அடியை வாங்கிக்கொள்கிறது. அது ஹீல் அல்ல என்பதால் அந்த நச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 17 நொடி வறட்சியில் டேங்கைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான்.

இங்கேதான் என் கோபம். 2009-இல் எங்கள் கில்டு, அதாவது ஆட்டக் குழு, 25 பேருடன் லோதெப்பிடம் தொடர்ந்து மூன்று முறை மாண்டது. யார் எவ்வளவு உயிர் ஏற்றினார் என்று வரிசைப்படுத்தும் ஹீலிங் மீட்டரைத் தலைவர் எடுத்துச் சாட்டில் ஒட்டினார். கடைசிப் பெயர் ஒரு டிசிப்ளின் பிரீஸ்ட், கவசத்தையே அதிகம் நம்பும் வகை. "அடுத்த வாரம் வேறு ஆள்" என்றார். அன்றைய மீட்டர்கள் கவசம் உறிஞ்சிய அடியை அதைப் போட்டவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்த ஆள் செய்த வேலையில் பாதி எண்ணாகவே மாறவில்லை! எனக்கு அது தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் பட்டியலில் நான் இரண்டாவது. அடுத்த வாரம் அவர் இல்லாமல் போனோம். முதல் 17 நொடியிலேயே டேங்க் சரிந்தது. யாரைத் திட்டுவது என்று தலைவருக்கே தெரியவில்லை.

2020 டிசம்பரில், பழைய ஆட்டத்தை மீண்டும் தந்த கிளாசிக் பதிப்பில் பழைய நாக்ஸ்ரமாஸ் திறந்தது. 2006-இல் முதலில் வந்த, 40 பேர் ஆடும் வடிவம். அந்த லோதெப் இன்னும் கொடியவன். ஒரு ஹீல் போட்டால், போட்டவர் அடுத்த 60 நொடிக்கு இன்னொன்று போட முடியாது. பன்னிரண்டு ஹீலர்கள் இருந்தால் ஐந்து நொடிக்கு ஒரு ஹீல், அவ்வளவுதான். ஐந்து நிமிடச் சண்டையில் ஒருவர் பங்கு ஐந்து ஹீல். எண் கொடுத்து வரிசையில் நிற்க வேண்டும், அவரவர் முறையில் கைவசமுள்ள மிகப் பெரிய ஹீலை டேங்குக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். முறை தப்பி ஒருவர் ஆசையில் போட்டுவிட்டால் வரிசையில் ஓட்டை விழும். டேங்க் அந்த ஓட்டையில்தான் சாவார். அடிக்கிறவர்களுக்கு ஹீலே கிடையாது. இரண்டு நிமிடம் கடந்ததும் "தவிர்க்க முடியாத சாவு" என்ற லோதெப்பின் நிழல் மந்திரம் 30 நொடிக்கு ஒருமுறை, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு 15 நொடிக்கு ஒருமுறை எல்லோர் மீதும் இறங்கும். நிழல் காப்பு மருந்து குடிக்கலாம், ரூன்துணிக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். கனத்த கட்டு எட்டு நொடியில் 2000 புள்ளி தரும். மந்திரமும் மாயமும் நிறைந்த உலகில் கடைசியில் துணிக்கட்டை நம்பி நிற்பது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பிடிக்கவும் பிடிக்கும்.

இந்தப் பழைய வடிவம்தான் உயர்ந்தது என்பேன். புதியதில் கைவேகமும் நொடிக்கணக்கும் போதும். பழையதில் டேங்கின் உயிர் பாதிக்குக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, கை துறுதுறுக்க, அடுத்தவர் போடுவார் என்று நம்பிச் சும்மா இருக்க வேண்டும். எனக்கு அது சுலபமாக வரவில்லை. முதல் முறை என் எண் ஏழு. ஆறாமவர் தாமதிக்கிறார் என்று நினைத்து முந்திக்கொண்டேன். இருவர் ஹீலும் ஒரே நொடியில் விழுந்தன. ஐந்து நொடி கழித்து என் இடம் வந்தபோது எனக்கு இன்னும் ஐம்பத்தைந்து நொடி பூட்டு மிச்சம் இருந்தது. நாற்பது பேரும் தரையில்.

தலைவர், இம்முறை வேறொருவர், மீட்டரைத் திறக்கவே இல்லை. "ஏழு, நீங்கள் ஆறுக்காகக் காத்திருங்கள்" என்றார். மறுபடி ஓடிப் போனோம். அந்தச் சண்டை முழுவதும் எனக்கு நான்கு ஹீல்தான் வாய்த்தது. பட்டியலில் என் பெயர் கடைசி. லோதெப் விழுந்தான்.