கடலில் இறங்கத் தடை என்றால் யாருக்கு நட்டம்?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நிச்சயதார்த்த விருந்து. சுற்றுலாத் தொழிலைப் பற்றிப் பேச்சு வந்தபோது என் மனைவிக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் சொன்னார்: "ஓட்டலும் கூத்தும் ஊருக்குச் சோறு போடுமா? ஆலை வேண்டும், துறைமுகம் வேண்டும்." பெரியவர் ஆயிற்றே என்று பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் துறைமுகத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் இந்தியர் மிகுந்த சாட்ஸ்வர்த் பகுதியில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு குடும்பம் டிசம்பர் விடுமுறைக்கு வந்து கோல்டன் மைல் கடற்கரையில் அறை எடுக்கிறது என்று வையுங்கள். அந்தப் பணம் ஓட்டல் கல்லாவிலேயே தங்கிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் மேசைக்கு வரும் பில்கள் வேறு கதை சொல்கின்றன. படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் சலவைக்கூடத்துக்கு டிசம்பரில் இரவு வேலையும் உண்டு. கத்தரிக்காயும் கொத்தமல்லியும் அனுப்பும் தோட்டக்காரர் அந்த ஒரு மாதத்தை நம்பித்தான் விதைக்கிறார். மினிபஸ் டாக்சி ஓட்டுநர், கடற்கரையில் பாசிமணி விற்கும் சூலு பெண்கள், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பும் பன்னி சௌ கடைக்காரர் என்று அந்த ஒரு அறையின் பணம் எத்தனை கை மாறுகிறது! ஜூலையில் கிரேவில் மைதானத்தில் குதிரைப் பந்தயம் வந்தால் தையல்காரருக்கும் முடிதிருத்துபவருக்கும் கூட ஓய்வு கிடையாது.

இந்தத் தொழில் நமக்குப் புதிதும் அல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்ததைப் பேசும்போது கரும்புத் தோட்டத்தைத்தான் நினைக்கிறோம். பின்னாளில் சமைக்கவும் பரிமாறவும் என்றே தனியாக ஆள் எடுத்து வந்தார்கள். ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் உழைத்த அவர்களுக்கு 'ஸ்பெஷல் சர்வெண்ட்' என்று பெயர். என் மாமனாரும் அந்த வழியில் வந்தவர்தான். கடற்கரை ஓட்டல் ஒன்றில் 31 ஆண்டுகள் பரிமாறினார். அந்த ஓட்டல் சாப்பாட்டு அறையின் சன்னல் வழியே கடல் தெரியும். ஆனால் அந்த நிறவெறிக் காலத்தில் அந்தக் கரையில் அவர் கால் வைக்க முடியாது. இந்தியர்களுக்கு ஒதுக்கிய இடம் வேறு. 1989இல்தான் எல்லாக் கடற்கரைகளும் எல்லோருக்கும் என்று ஆயிற்று. எதிரே இருந்த கடலில் பேரப்பிள்ளையோடு அவர் முதன்முறை இறங்கிய நாளை இன்றும் நாக்குத் தழுதழுக்கச் சொல்வார்.

சூதாட்ட விடுதியையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். நான் சேர்க்க மாட்டேன். வெளியூர்க்காரர் கொண்டுவருவது ஊருக்குப் புதுப் பணம். நம் தெருக்காரர் சம்பள நாளில் தோற்பது ஊருக்குள்ளேயே பை மாறும் பணம். அதில் உடைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விருந்தினர் செலவிடும் பணத்தில் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி தேசிய அரசுக்குப் போகிறது. சூதாட்ட வரி மாகாணத்துக்கு. மாநகராட்சிக்கு மிஞ்சுவது சொத்து வரியும் தண்ணீர், மின்சாரக் கட்டணமும்தான். அறைகள் காலியாகக் கிடந்தால் அந்தக் கட்டணமும் சுருங்கும், காலப்போக்கில் கட்டடத்தின் மதிப்பும் இறங்கும், அதோடு சொத்து வரியும் இறங்கும். பிறகு நம் தெரு விளக்குக்கும் குப்பை வண்டிக்கும் பணம் எங்கிருந்து வரும்?

அதனால்தான் சொல்கிறேன், இந்த ஊரின் சுற்றுலாத் திட்டம் கழிவுநீர்க் குழாயில் தொடங்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தை யார் மறப்பார்கள்? நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கழிவுநீர் நிலையங்களும் குழாய்களும் சிதைந்தன. கழிவு ஆறுகளில் இறங்கிக் கடலில் கலந்தது. ஈ.கோலை கிருமி மிகுந்ததால் கடற்கரைகளை மூடவேண்டி வந்தது. புது விளம்பரப் பலகையும் வாணவேடிக்கையும் பிறகு வரட்டும். குளிக்கத் தடை என்ற பலகை நிற்கும் கரைக்கு யார் பிள்ளைகளை அழைத்து வருவார்கள்? முதல் பணம் பம்புகளுக்கும் குழாய்களுக்கும் போக வேண்டும். மாநாட்டு மண்டபமும் உஷாகா நீர்ப் பூங்காவும் நகரத்தின் சொத்துகள்தான். ஆனால் அவற்றைத் தேடி வருகிறவர்கள் அதே கடலை நம்பித்தான் வருகிறார்கள்.

என் மனைவியின் தங்கை ஓர் ஓட்டலில் விருந்துகளுக்குப் பரிமாறுகிறாள். நிரந்தர வேலை இல்லை. ஆள் தேவைப்பட்டால் முந்தின நாள் மாலை அழைப்பார்கள். அந்த 2022 டிசம்பரில் தினமும் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். பாதி நாட்களுக்கு மேல் அழைப்பு வரவில்லை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது மகனுக்குச் சீருடையும் காலணியும் என் மாமனாரின் ஓய்வூதியத்தில்தான் வாங்கினோம். பெரியப்பாவிடம் அன்றே இந்தக் கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும்.