ஆனை வந்திச்சி, மறுகா...

மட்டக்களப்பின் படுவான்கரையில் தரம் மூன்றுக்குப் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒரு பொடியன், பாடப்புத்தகத்தைத் திறந்தால் வாயைத் திறக்கமாட்டான். ஒரு திங்கட்கிழமை அவனாகவே வந்து கதைத்தான்: "ராவு ஆனை வந்திச்சி சேர். வளவுக்குள்ள வாழையெல்லாம் முறிச்சிப் போட்டிச்சி. மறுகா அப்பா வெடி கொழுத்தினாரு."

சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னேன். உண்மையில் அவன் முதல்தரம் வாசிக்கவில்லை, ஒப்புவித்தான். அது பரவாயில்லை. வந்திச்சி, வளவு, வாழை, வெடி என்று நாலிலும் விரலை வைத்தேன். "எல்லாத்திலயும் ஒரே எழுத்து சேர்!" என்றான். ஒன்றரை வருடமாக 'வ'வை அச்சுப்போல எழுதிவந்த பிள்ளை அன்றைக்குத்தான் அதைக் கண்டான்.

எழுத்தைத் தனியே பிரிக்காமல் முழுப் பேச்சிலிருந்து வாசிப்பைத் தொடங்கும் 'முழுமொழி' முறைக்காரரும் இப்படித்தான் தொடங்குவார்கள். அந்த முறையின் முன்னோடி, அமெரிக்காவின் கென்னத் குட்மன், 1967இல் வாசிப்பை ஓர் ஊக விளையாட்டு என்றே எழுதினார்: ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்காமல் சூழலை வைத்துச் சொல்லை ஊகிப்பதாம். அந்த இடத்தில் நான் அவரோடு இல்லை. எழுத்தைக் கற்பிக்காமல் விட்டால் தானாக வந்துவிடாது. ஆங்கிலத்தின் தாறுமாறான எழுத்துக்கூட்டலுக்கு ஊகம் தேவைப்படலாம், 247 எழுத்தும் ஓர் ஒழுங்கில் நிற்கும் தமிழுக்கு எதற்கு?

வளர்ந்தவர்களுக்கு எழுத்தறிவித்த பிறேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரைரேயும் எழுத்தை விடவில்லை. தொழிலாளி அன்றாடம் தூக்கும் 'செங்கல்' என்ற சொல்லை எடுத்து, அதை அசை அசையாக உடைத்து, நம்முடைய க, கா, கி, கீ போல வரிசையாக்கிக் காட்டினார். 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேர் அப்படிப் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அப்போது அங்கே வாக்குரிமை இல்லை. அடுத்த வருடம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அவரைச் சிறையில் போட்டது. அ, ஆ சொல்லிக்கொடுத்த மனிதரை!

நம்மிடம் சிறை இல்லை, சிவப்புப் பேனை இருக்கிறது. 'மறுகா'வை வெட்டு, 'பிறகு' என்று எழுது. 'ஆனை'யை வெட்டு. கோயிலில் பிள்ளையார் ஆனைமுகன், கொப்பியில் மட்டும் ஆனை பிழையாம். பொது எழுத்துத்தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைக்கு 'பிறகு' கட்டாயம் தெரியவேண்டும். ஆனால் வீட்டுச் சொல்லை முதல் நாளே வெட்டினால் பிள்ளையின் வாயும் அன்றோடு மூடிவிடும்.

கதைக்கவிட்டால் இன்னொரு தொல்லை, கேட்டதைக் கேளாததுபோல் இருக்க முடியாது. அந்த மாதம் பிள்ளைகள் எழுதியதில் பாதிக்கு மேல் ஆனைதான். காலையில் பிந்தி வருகிறார்கள் என்று இடாப்பில் நான் குறித்த பிள்ளைகள், பாதையில் நிற்கிற ஆனை விலகும்வரை வீட்டில் காத்திருந்தவர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெற்றோரோடு சேர்ந்து பாதைக்கு விளக்கும் வேலியும் கேட்டுக் கடிதம் எழுதினோம், பிள்ளைகளின் தாள்களையும் இணைத்தோம்.

"உங்களுக்கு ஏன் சேர் இந்த வேலை? சிலபஸ் முடிஞ்சுதா?" என்று மேலிடத்தில் ஒருவர் கேட்டார். முடியவில்லைதான். ஆனால் பிந்தி வந்த பிள்ளைக்கு நான் எந்தப் பாடத்தை முடித்துக் காட்டுவது?

கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அடுத்ததைத் தானே எழுதுவதாகப் பொடியன் சொல்லியிருக்கிறான். 'மறுகா'வில் கைவைக்கமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.