அந்தச் சிவப்பு வரைபடம் பற்றி

ரெண்டு நாளாக எல்லார் சுவரிலும் ஓடுகிற அந்தக் காய்ச்சல் வரைபடத்தைப் பற்றித்தான். விவரம் தெரிந்த நண்பர்களே பகிர்ந்திருப்பதுதான் வலிக்கிறது. சமூக வலைத்தளங்களில் 'காய்ச்சல்' என்ற சொல் வந்த பதிவுகளை எண்ணி மாவட்டங்களுக்குச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். சொல்லை எண்ணினால் நோயாளியை எண்ணியதாகிவிடுமா?

தேர்தல் காய்ச்சல் என்கிறோம். கிரிக்கெட் காய்ச்சல் என்கிறோம். 'மர்மக் காய்ச்சல்' என்று டிவியில் ஒரு வரி ஓடினால் ஆயிரம் பேர் பகிர்கிறார்கள், ஒருவருக்கும் உடம்பு சுடவில்லை. எல்லாம் இந்தக் கணக்கில் ஏறும்.

கூகுளே இதில் சறுக்கியது. 2008-ல் தொடங்கிய ஃப்ளூ டிரெண்ட்ஸ், தேடல்களை வைத்து ஃப்ளூவைக் கணித்தது. 2009 பன்றிக்காய்ச்சலின் முதல் அலையைக் குறைத்துக் காட்டியது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கணக்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னது. 2015-ல் நிறுத்திவிட்டார்கள்.

அப்போ இந்த முறையே வேண்டாமா என்பீர்கள். வேண்டும், ஒழுங்காகச் செய்தால். 'எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல்' என்பதையும் 'காய்ச்சல் பரவுதாம்' என்பதையும் முதலில் பிரிக்கணும். ட்விட்டர் பதிவுகளில் இதைச் செய்த ஆய்வு 2013-லேயே வந்துவிட்டது. பகிர்வுகளையும் நகல்களையும் கழிக்கணும். ஒரு ஆளுக்கு வாரத்தில் ஒரு கணக்குதான். பிறகு அந்த ஊரின் மொத்தப் பதிவுகளால் வகுக்கணும், இல்லாவிட்டால் சென்னை எப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். கடைசியாக, வாராவாரம் மருத்துவமனை, ஆய்வகக் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்தணும். இதைத்தான் பலர் செய்வதில்லை.

"அரசுக் கணக்கு மட்டும் சரியா?" அதுவும் தாமதம்தான், குறைவுதான். அதற்காகத் தப்புக் கணக்கு சரியாகிவிடாது.

"எச்சரிக்கைதானே, என்ன கெடுதல்?" பயந்துபோய் நல்லா இருக்கிறவர்களும் பரிசோதனைக்கு வரிசை கட்டினால், நிஜமாகவே டெங்கு வந்தவர் காத்திருக்கணும். டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாளில்தான் நன்றாகப் பிடிக்கும். அந்த நாட்கள் வரிசையிலேயே கழியும். இது சின்னக் கெடுதலா?

எனக்கு ஆறவே ஆறாதது அந்த வரைபடத்தில் வெள்ளையாக விட்ட இடங்கள்தான். மலைக் கிராமத்தில் கைபேசி இல்லாத கிழவி காய்ச்சலோடு படுத்திருந்தால் யார் பதிவு போடுவார்கள்? அவள் ஊரை 'பாதுகாப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் சாம்பல் நிறமாக்கி, 'தரவு இல்லை' என்று எழுதுங்கள். இன்றைக்கே.